யோடாவின் அங்கிக்குள் ஒரு கை

உள்ளங்கையில் நிறுத்தினால் விரல் நுனியை எட்டாத உயரம். பச்சை முகம், பக்கவாட்டில் விரிந்த நீண்ட காதுகள், துணியில் தைத்த அங்கி, இடுப்பில் பழுப்பு நிற வார், ஊன்றிக்கொள்ள ஒரு தடி, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள ஒரு பாம்பு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டியிலிருந்து இயங்கிய கென்னர் நிறுவனம் 1980இல் வெளியான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்காகச் செய்த யோடா ஆக்‌ஷன் ஃபிகர் இது. அந்தப் படம் வந்த காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அட்டையோடு கிடைத்தாலும் சரி, தடியும் பாம்பும் தொலைந்துபோய் வெறுமனே கிடைத்தாலும் சரி, இந்தச் சின்னஞ்சிறு பச்சைக் கிழவரைத் தேடிப் பிடித்து வாங்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பழசு என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஸ்டார் வார்ஸ் வரிசையில் லூக், லியா, ஹான் சோலோ எல்லாரும் மனித நடிகர்களின் சாயலில் வார்க்கப்பட்ட பொம்மைகள். டார்த் வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர் போன்றவர்கள் உடைக்குள் ஆள் நடித்த பாத்திரங்கள். யோடாவோ நுரை ரப்பரில் செய்த ஒரு பாவை. அந்தப் பாவைக்குள் ஒரு கலைஞரின் கை இருந்தது. அந்தக் கை அசைந்ததால்தான் யோடா யோசித்தார், கோபித்தார், பெருமூச்சு விட்டார். கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரப்பர் மட்டுமே.

அப்படியானால், பாவையைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் பொம்மையை எதைக் கொண்டு மதிப்பிடுவது? முகச்சாயலை வைத்தா, மூட்டுகளின் எண்ணிக்கையை வைத்தா, வண்ணப்பூச்சின் நுணுக்கத்தை வைத்தா? பாவையை ஆட்டியவரின் வேலையில் எவ்வளவு பங்கை அந்தப் பொம்மை வாங்கியவரின் கைக்கு மாற்றித் தருகிறது என்பதே சரியான அளவுகோல். 1980இன் யோடாவையும் அதற்குப் பின் வந்த அதன் வாரிசுகளையும் அந்த அளவுகோலால் அளந்தால், விலைப்பட்டியல் சொல்லாத பல விஷயங்கள் தெரியவருகின்றன.

ரப்பருக்கு உயிர் வந்த கதை

முதல் படத்தில் ஓபி-வான் கெனோபி இறந்துவிட்டதால், இரண்டாம் படத்தில் லூக் ஸ்கைவாக்கருக்குப் பாடம் சொல்ல வேறு குரு தேவைப்பட்டார். அவர் உருவத்தில் மிகச் சிறியவராக, பார்த்ததும் யாரும் மதிக்காதவராக இருக்க வேண்டும் என்பது ஜார்ஜ் லூகாஸின் திட்டம். குரங்குக்கு முகமூடி மாட்டி நடிக்கவைக்கலாமா என்றுகூடச் சோதித்துப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. கடைசியில் லூகாஸ் நாடியது, மப்பெட் பாவைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனை. அவர் தன் நெருங்கிய சகாவான ஃப்ராங்க் ஓஸைக் கைகாட்டினார். மிஸ் பிக்கி, ஃபாஸி பேர், அனிமல், 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் குக்கி மான்ஸ்டர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாத்திரங்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஓஸ்.

உருவத்தைச் செதுக்கியவர் பிரிட்டிஷ் ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் ஆதிமனிதக் குரங்குகளையும், ஸ்டார் வார்ஸின் சூபாக்காவையும் உருவாக்கியவர் இவர்தான். யோடாவின் முகத்துக்குத் தன் முகத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். கண்ணோரச் சுருக்கங்களுக்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் முகம் உதவியது. எண்ணூறு வயதைத் தாண்டிய ஞானி என்று படம் சொல்வதைப் பார்வையாளர் கேள்வி கேட்காமல் நம்பியதில் அந்தச் சுருக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாவையைக் கட்டியெழுப்பும் வேலையில் வெண்டி ஃப்ரவுட் என்ற இளம் சிற்பக் கலைஞரும் பங்கெடுத்தார்.

படப்பிடிப்பு லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் நடந்தது. டகோபா என்ற சதுப்புநிலக் கிரகத்தின் தரையை நிலமட்டத்திலிருந்து பல அடி உயர்த்தி மேடையாகக் கட்டினார்கள். மேடைக்கு அடியில் ஓஸ் நின்றுகொண்டு கையை மேலே நீட்டி யோடாவின் தலையையும் வாயையும் இயக்கினார். கண்கள், காதுகள், மற்றொரு கை ஆகியவற்றை உடனிருந்த கலைஞர்கள் கம்பிவடங்கள் வழியாகவும் நேரடியாகவும் அசைத்தார்கள். கேத்ரின் மல்லன், டேவிட் பார்க்லே போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தனர். மேலே நின்ற மார்க் ஹேமிலுக்குக் கீழிருந்து பேசிய ஓஸின் குரல் சரியாகக் கேட்கவில்லை. காதுக்குள் சின்ன ஒலிப்பான் பொருத்தி அதை அவருக்குக் கேட்கச் செய்தார்கள். டகோபா காட்சிகள் எடுக்கப்பட்ட நாள்கள் பலவற்றில் அன்றைய நடிகர் பட்டியலில் ஹேமில் ஒருவர் பெயர் மட்டுமே மனிதப் பெயராக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான ரகசியம் அடங்கியிருக்கிறது. யோடா நடப்பது படத்தில் மிக அரிது. கால்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. தரைவரை தொங்கும் அந்த அழுக்கு அங்கிதான் உள்ளே இருந்த கையையும் கம்பிகளையும் மறைத்தது. நடிப்பு முழுவதும் தலையின் சாய்வில், காது தாழ்வதில், கண் இமைப்பதில், தடியைப் பற்றிய விரல்களில் நடந்தது. லூக்கின் பையைக் கிளறி விளக்கைத் திருடிக்கொண்டு, அதைப் பறிக்க வரும் ஆர்2-டி2 ரோபோவைத் தடியால் விளாசும் அந்த முதல் காட்சியை நினைத்துப் பார்த்தால் போதும். பாவை செய்தது சில எளிய அசைவுகள்தான். பார்த்தவர்களுக்குத் தெரிந்ததோ பிடிவாதமான ஒரு முழு ஆளுமை.

கென்னரின் கணக்கு

1977 மே மாதம் முதல் ஸ்டார் வார்ஸ் வெளிவருவதற்கு முன்பு, அதன் பொம்மை உரிமத்தைப் பெரிய நிறுவனங்கள் பெரிதாக நினைக்கவில்லை. அப்போது பொம்மைச் சந்தையில் முன்னணியில் இருந்த மேகோ வேண்டாம் என்று விட்டதைக் கென்னர் எடுத்துக்கொண்டது. படம் இப்படி வெடிக்கும் என்று கென்னரே எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் பொம்மையே இல்லை. பின்னால் அனுப்பிவைக்கிறோம் என்று சான்றிதழ் வைத்த அட்டை உறையை விற்றார்கள். லூக், லியா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய முதல் நான்கு பொம்மைகள் 1978இல்தான் குழந்தைகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அன்றுவரை ஆக்‌ஷன் ஃபிகர் என்றால் 8 அங்குலம், 12 அங்குலம் என்பதே வழக்கம். கென்னர் 3¾ அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது. காரணம் எளிமையானது. ஸ்டார் வார்ஸில் மனிதர்களுக்கு இணையாக விண்கலங்களும் பாத்திரங்கள். 12 அங்குல ஹான் சோலோ ஏறி அமர்வதற்கு மில்லேனியம் ஃபால்கன் செய்தால் அது வீட்டு வாசலுக்குள் நுழையாது. பொம்மை சிறியதானால் கலத்தையும் விற்கலாம், பொம்மையின் விலையையும் குறைக்கலாம், குழந்தை ஒன்றோடு நிறுத்தாமல் பத்து வாங்கும். இந்தக் கணக்கு மொத்தப் பொம்மைத் தொழிலையும் மாற்றியது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982இல் ஜி.ஐ. ஜோ வீரர்களை இதே 3¾ அங்குலத்தில் புதிதாகக் கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த சென்னை ஃபன்ஸ்கூல் நிறுவனம் அவற்றை இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது. இங்கே வேறு நிறக் கலவைகளில் வெளிவந்த அந்த இந்தியத் தயாரிப்புகளை இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இந்தியப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஜோவுக்கும் யோடாவின் வரிசைக்கும் அளவு ஒன்றாக அமைந்தது இப்படித்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால்

முதலில் உயரம். படத்தில் யோடாவின் உயரம் சுமார் 66 சென்டிமீட்டர். லூக்காக நடித்த ஹேமில் ஏறக்குறைய 175 சென்டிமீட்டர். லூக் பொம்மை 3¾ அங்குலம், அதாவது ஒன்பதரை சென்டிமீட்டர் என்றால், விகிதப்படி யோடா மூன்றரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்ட வேண்டும். கென்னரின் யோடா அதைவிடக் கணிசமாகப் பெரியவர். லூக்கின் பக்கத்தில் நிறுத்தினால் முழங்காலைத் தாண்டி இடுப்புவரை வந்துவிடுகிறார். அளவைத் துல்லியமாகப் பார்ப்பவர்களுக்கு இது குறையாகப் படும். ஆனால் விகிதத்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் முகம் கடலைப் பருப்பு அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஃப்ரீபார்ன் உழைத்த சுருக்கங்கள் எதுவும் அதில் நின்றிருக்காது. முகத்தைக் காப்பாற்ற உயரத்தை விட்டுக்கொடுத்தது நல்ல முடிவு. படத்திலும் ஒளிப்பதிவாளர் யோடாவைப் பெரும்பாலும் நெருக்கக் காட்சிகளில்தான் காட்டினார். பார்வையாளர் மனத்தில் பதிந்த யோடா முகம் பெரிதாகத் தெரியும் யோடாதான்.

முகத்தின் செதுக்கலில் நெற்றி மடிப்புகளும் அகன்ற வாயும் தெளிவாக இருக்கின்றன. காதுகள் இரண்டும் நேராகப் பக்கவாட்டில் நிற்கின்றன. குறை இங்கேதான். படத்தில் யோடாவின் மனநிலையைக் காட்டிய பெரிய கருவி காது. ஏமாற்றம் வந்தால் தாழும், ஆர்வம் வந்தால் நிமிரும். பொம்மையின் காது ஒரே நிலையில் உறைந்துவிட்டது. உறைந்தே ஆக வேண்டும் என்றால் சற்றுத் தாழ்ந்த நிலையைத் தேர்ந்திருக்கலாம். டகோபாவின் யோடா பெரும்பாலும் அப்படித்தான் இருந்தார்.

மூட்டுகள் சொற்பம். தலை இடமும் வலமும் திரும்பும், தோளிலிருந்து கைகள் மேலும் கீழும் சுழலும். அவ்வளவுதான். தலையைச் சாய்க்க முடியாது. பாவையின் நடிப்பில் பாதி, தலைச் சாய்வில் இருந்தது என்பதால் இது பெரிய இழப்பு. ஆனாலும் அன்றைய தொழில்நுட்பத்தில் இந்த விலைக்குப் பந்துமூட்டு எதிர்பார்க்க முடியாது. தலை திரும்புவதும், தடி பிடித்த கை உயர்வதும் இருப்பதால் விளக்குத் திருடும் காட்சியை ஒரு குழந்தை தன் மேசையில் நடத்திவிட முடியும்.

இனி அங்கி. இந்தப் பொம்மையின் மிகச் சிறந்த பகுதி இதுதான். 1978இல் கென்னர் செய்த ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்துக்கு முதலில் வினைல் போர்வை போட்டார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகடு உடம்பில் விறைத்து நின்றது. சீக்கிரமே அதைக் கைவிட்டுத் துணிக்கு மாறினார்கள். அந்தக் குறுகிய காலத்தின் வினைல் ஜாவா இன்று பெரும் விலைக்குப் போகிறது. யோடாவுக்குத் தொடக்கத்திலிருந்தே துணிதான். அது தோளில் படிகிறது, முழங்கையில் மடிகிறது, கையை உயர்த்தினால் கூடவே இழுபடுகிறது. பாவையில் அங்கி எந்த வேலையைச் செய்ததோ அதே வேலையைப் பொம்மையிலும் செய்கிறது. கால்களை மறைத்து, கவனம் முழுவதையும் தலைக்கும் கைகளுக்கும் அனுப்புகிறது. கென்னரின் வடிவமைப்பாளர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா, செலவுக் கணக்கில் அமைந்துவிட்டதா என்பது இரண்டாம் பட்சம். மேடைக்கு அடியில் நின்ற கலைஞரின் உத்தி விளையாட்டுப் பொருளுக்குள் அப்படியே வந்துவிட்டது.

துணைப்பொருள்கள் மூன்று: தடி, வார், பாம்பு. வார் அங்கியை உடம்போடு இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அது இல்லாத யோடா தளர்ந்துபோய்த் தெரிவார். தடி கையில் நன்றாகப் பொருந்துகிறது. பாம்பு டகோபாவின் சதுப்பை நினைவூட்டுவதற்காகச் சேர்த்தது. படத்தில் யோடா பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது அதுவாகவே இருந்திருக்கும். இந்தப் பாம்பு செம்மஞ்சள், பழுப்பு என்று இரு நிறங்களில் வந்தது. சேகரிப்பாளர்களின் பேச்சில் இது முடியாத விவாதம்.

குருவைச் சுமந்த சீடன்

இந்தப் பொம்மையைத் தனியாக எடைபோடுவது முழு நியாயம் ஆகாது. கென்னர் அதைச் சுற்றி ஓர் உலகத்தையே கட்டியது. 1981இல் வந்த டகோபா விளையாட்டுத் தளத்தில் யோடாவின் குடிசையும் சதுப்புக் குட்டையும் இருந்தன. நெம்புகோலை அசைத்தால் பொருள்கள் அந்தரத்தில் எழும்புவதுபோல் காட்டும் அமைப்பும் உண்டு. குட்டைக்குள் மூழ்கிய லூக்கின் விண்கலத்தை யோடா மனவலிமையால் தூக்கி நிறுத்தும் காட்சிக்குக் கிடைத்த பிளாஸ்டிக் விடை அது.

அஞ்சல் வழியாகக் கிடைத்த 'சர்வைவல் கிட்' என்ற பையில் இன்னொரு அருமையான சமாச்சாரம் இருந்தது. ஆயுதங்களுக்கும் முகமூடிகளுக்கும் நடுவே, லூக் பொம்மையின் முதுகில் யோடாவை மாட்டிக்கொள்ள ஒரு தோள்வார். படத்தில் சீடன் குருவை முதுகில் சுமந்துகொண்டு காட்டில் ஓடித் தாவிப் பயிற்சி எடுப்பான். ஓஸின் கை எட்டாத காட்சி அது. படக்குழு அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பொம்மையில் அந்தச் சிக்கலே இல்லை. ஒரு வார் போதும்.

1980களின் தொடக்கத்தில் கென்னர் யோடாவின் கைப்பாவை ஒன்றையும் விற்றது. வினைலில் வார்த்து, உள்ளே கை நுழைக்க இடம்விட்டுச் செய்த பாவை. ஆக்‌ஷன் ஃபிகரின் மூட்டுகளால் முடியாததை அது செய்தது. தலையைச் சாய்க்கலாம், ஆட்டலாம், யாரையும் உற்றுப் பார்க்கவைக்கலாம். வேலைப்பாட்டில் சிறிய பொம்மைக்கு ஈடாகாது. ஆனால் யோடா எந்த ஊடகத்தில் பிறந்தாரோ அந்த ஊடகத்துக்கே குழந்தையை அழைத்துப்போன ஒரே வணிகப் பொருள் அன்று அதுதான். பழைய ஸ்டார் வார்ஸ் சேகரிப்பில் அதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

எந்த யோடா?

1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடி'யில் யோடா இறந்தார். 1985இல் கென்னரின் முதல் வரிசையும் முடிவுக்கு வந்தது. அந்நிறுவனம் டோங்காவின் கைக்குப் போய், 1991இல் ஹாஸ்ப்ரோவிடம் வந்து சேர்ந்தது. 1995இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மறுபடி கடைக்கு வந்தபோது லூக்கும் ஹானும் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேரே வந்தவர்கள்போல மார்பு புடைத்து நின்றார்கள். அந்த வரிசையில் வந்த யோடாவுடன், சீடனின் முதுகில் அமர்வதற்கான பையும் தடியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. அன்று அஞ்சலில் மட்டும் கிடைத்தது இப்போது பெட்டிக்குள்ளேயே வந்தது.

பிறகுதான் சிக்கல். 1999இல் 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்துக்கு இளமையான யோடா பாவை ஒன்றைப் புதிதாகச் செய்தார்கள். ரசிகர்களுக்கு அந்த முகம் ஒட்டவில்லை. 2011இல் அந்தப் படம் புளூ-ரேயில் வந்தபோது பாவையை முழுக்க நீக்கிவிட்டுக் கணினி வரைகலை யோடாவை வைத்தார்கள். அதற்கு முன்பே, 2002இல் 'அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்' படத்தில் கணினி யோடா தடியை வீசிவிட்டு ஒளிவாளை உருவி, காற்றில் சுழன்று சுழன்று கவுண்ட் டூக்குவோடு சண்டை போட்டார். திரையரங்கில் கைதட்டல் பறந்தது.

பொம்மை செய்பவர்களுக்கு இதனால் இரண்டு யோடாக்கள் கிடைத்தார்கள். ஒருவர் குதிப்பவர், இன்னொருவர் கேட்பவர். குதிப்பவருக்கு முழங்கால், கணுக்கால், இடுப்பு எல்லாவற்றிலும் மூட்டு வேண்டும். கேட்பவருக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வேண்டும். பின்னாள் விமர்சனங்கள் பலவற்றில் மூட்டுகளின் எண்ணிக்கையே முதல் வரியில் வருகிறது. டகோபாவின் யோடா என்று சொல்லி விற்கும் பொம்மைக்குக் கணுக்கால் மூட்டு எதற்கு? அந்தக் காசைக் கழுத்தில் ஒரு நல்ல பந்துமூட்டுக்குச் செலவிட்டால், தலை ஒரு பக்கம் சாய்ந்து, 'இவன் தேறுவானா' என்று லூக்கை அளக்கும் அந்தப் பார்வை கிடைத்துவிடும். 6 அங்குல அளவில் வரும் ஹாஸ்ப்ரோவின் பிளாக் சீரீஸ் போன்ற நவீன வரிசைகளில் யோடாவை வாங்குபவர் முதலில் சோதிக்க வேண்டியது கழுத்தைத்தான். அது மேலே நிமிருமா, பக்கவாட்டில் சாயுமா, சாய்ந்த இடத்தில் நிற்குமா?

2019இல் 'தி மேண்டலோரியன்' தொடரில் யோடாவின் இனத்தைச் சேர்ந்த குழந்தை ஒன்று வந்தது. பின்னாளில் க்ரோகு என்று பெயர் தெரியவந்த அந்தப் பாத்திரத்தையும் பாவையாகவே செய்தார்கள். லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் செய்த அந்தப் பாவையைக் கலைஞர்கள் தொலைவிலிருந்து கருவிகளால் இயக்கினார்கள். ரகசியம் கசியாமல் இருக்கப் பொம்மைத் தயாரிப்பைத் தள்ளிவைத்திருந்ததால், முதல் அத்தியாயம் வந்தபோது கடையில் க்ரோகு இல்லை. 2020இல் வந்த பிளாக் சீரீஸ் க்ரோகுவின் உயரம் 1.1 அங்குலம். சூப்புக் கிண்ணம், தவளை, விண்கலத்தின் உலோக உருண்டை என்று தொடரின் குறும்புகளெல்லாம் கூடவே வந்தன. இங்கே விகிதத்தை விட்டுக்கொடுக்காமல் செய்திருக்கிறார்கள். விளைவு, கென்னர் 1980இல் தவிர்த்ததுதான்: முகம் மிகவும் சின்னது, தொடரின் அந்தப் பெரிய ஈரக் கண்கள் இரண்டு புள்ளிகளாகச் சுருங்கிவிட்டன. மறுபக்கம், சைட்ஷோ நிறுவனம் 16.5 அங்குல உயரத்தில் நிஜ அளவு க்ரோகுவைச் செய்தது. துணி அங்கி, கையில் உருண்டை, அற்புதமான முகம். ஆனால் அது சிலை. பார்க்கலாம், ஆட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே, முகத்தையும் அசைவையும் சேர்த்துக் கொடுக்கும் அளவு எது என்ற கேள்விக்குப் பாவைப் பாத்திரம் ஒவ்வொன்றும் தனித்தனியே பதில் தேட வேண்டியிருக்கிறது.

நுரை கரையும், பிளாஸ்டிக் நிற்கும்

பாவைகளுக்குச் சாவு உண்டு. நுரை ரப்பர் காலப்போக்கில் காய்ந்து, வெடித்து, தூளாக உதிரும். வெளிச்சமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் வேதியியல் தன் வேலையைச் செய்யும். 2017இல் 'தி லாஸ்ட் ஜெடி' படத்துக்கு மறுபடி யோடா தேவைப்பட்டபோது இயக்குநர் ரியான் ஜான்சன் கணினியைத் தேடிப் போகவில்லை. பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து புதிய பாவையை வார்த்தார்கள். மறுபடியும் ஃப்ராங்க் ஓஸ் வந்தார், மறுபடியும் கையை உள்ளே நுழைத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து டகோபாவின் யோடா அதே குறும்போடு திரையில் சிரித்தார்.

கென்னரின் பிளாஸ்டிக் யோடாவோ இத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. அங்கியில் கறை படிந்திருக்கலாம், பச்சை சற்று மங்கியிருக்கலாம், மூக்கு நுனியில் வண்ணம் தேய்ந்திருக்கலாம். ஆனால் செதுக்கல் அப்படியே நிற்கிறது. 1979இல் எல்ஸ்ட்ரீயில் இருந்த யோடா எப்படி இருந்தார் என்பதற்கு, படச்சுருளுக்கு அடுத்தபடி, ஆயிரக்கணக்கான வீடுகளில் சிதறிக் கிடக்கும் இந்தப் பொம்மைகளும் சாட்சி. விளையாட்டுக்காகச் செய்த பொருள் ஆவணமாகவும் ஆகிவிட்டது. சேகரிப்பை வெறும் முதலீடாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

வாங்குவோர் பார்வைக்கு

பழைய யோடாவை வாங்க நினைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, அட்டையோடா, லூஸாகவா என்பது. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ் பிரிக்கப்படாத பிரதி அலமாரிக்குரியது; தரச் சான்று பெற்றுக் கெட்டி அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் அதன் அங்கியை யாரும் தொடப்போவதில்லை. இந்தப் பொம்மையின் சிறப்பே துணியின் அசைவு என்பதால், ரசிப்பதற்கு வாங்குபவருக்கு லூஸ் பிரதியே பொருத்தம். அதிலும் தடி, வார், பாம்பு மூன்றும் இருந்தால்தான் 'கம்ப்ளீட்' என்பார்கள்.

அந்த மூன்றும் சுலபமாகத் தொலையக்கூடிய சிறு உதிரிகள். அதனால் போலிகள் ஏராளம். சேகரிப்பாளர் வட்டத்தில் 'ரெப்ரோ' எனப்படும் இந்த மறுபதிப்புத் தடிகளும் பாம்புகளும் படத்தில் பார்க்க அசல்போலவே இருக்கும். விளிம்பின் கூர்மை, வார்ப்புக் கோடு, பிளாஸ்டிக்கின் பளபளப்பு ஆகியவற்றை உறுதியான அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் காசு கொடுக்கக் கூடாது. விற்பவர் ரெப்ரோ என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டால் அதில் தவறில்லை. அங்கியை வாங்கியதும் சலவை செய்யப் புறப்படுவதும் வேண்டாத வேலை. நாற்பது ஆண்டு பழைய தையல் தண்ணீரில் பிரிந்துவிட்டால் பொம்மையின் பாதி மதிப்பு போய்விடும்.

அவ்வளவு செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு ஹாஸ்ப்ரோ 2019இல் தொடங்கிய ரெட்ரோ வரிசை இருக்கிறது. பழைய கென்னர் பாணியிலேயே, பழைய அட்டையைப் போன்ற அட்டையில் வரும் பொம்மைகள் அவை. யோடாவும் அதில் வந்தார். அசல் இல்லைதான். ஆனால் பழைய பொம்மையைக் கையில் பிடித்து விளையாடும் அனுபவத்தைக் குறைந்த செலவில் தருகிறது. குழந்தைக்குக் கொடுக்கவும் தயக்கம் வேண்டாம். சின்ன உதிரிகளை வாயில் போட்டுக்கொள்ளும் வயதைத் தாண்டியிருந்தால் சரி.

மதிப்பெண் போட்டால், 1980இன் யோடாவுக்கு முகத்தில் முக்கால்வாசி, மூட்டில் பாதி, அங்கியில் முழு மதிப்பெண். இன்றைய வடிவமைப்பாளர்கள் யோடாவையோ க்ரோகுவையோ அடுத்து செய்யும்போது, கென்னரின் துணி அங்கியை எடுத்துக்கொண்டு அதற்குள் நன்றாகச் சாயும் ஒரு கழுத்தையும், ஏறி இறங்கும் இரண்டு காதுகளையும் பொருத்தட்டும். மேடைக்கு அடியில் நின்ற கலைஞர்களின் வேலையில் பெரும்பகுதி அப்போது வாங்குபவரின் விரலுக்கு வந்துவிடும். காதுக்குள் ஒரு மெல்லிய கம்பியை வைத்து வளைக்கும்படி செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. வளையும் பொம்மைகளை இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாகவே செய்துவருகிறது.